பெட்டியைத் திறந்துவிட்டார்கள், மச்சான்

என் அன்பு மச்சான் லூர்துவுக்கு,

இது நானே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நீ நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாய். நன்றாகப் பார். வரி கொஞ்சம் மேலே ஏறும், கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும்.

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. பெட்டியைத் திறந்துவிட்டார்கள். திறந்ததும் வந்து சொல்லுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் உனக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் பேனா எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். ஜன்னலைச் சாத்தினேன், மறுபடி திறந்தேன். "ஒரு இடத்துல உக்காருங்களேன், பேனாவுக்கே தலை சுத்துது" என்கிறாள் உன் அக்கா.

நீ போன பிறகு நான் பள்ளிக்கூடம் சேர்ந்தேன் மச்சான். கோவில் கூடத்தில் சாயங்கால வகுப்பு. செலின் டீச்சருக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். வகுப்பில் நான்தான் மூத்தவன், நான்தான் அதிகம் பேசுகிறவன். இப்போது நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை வரை ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். உன் அக்கா என்னோடு நடக்க வருவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வயதில் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். தினமும் காலையில் நீ மாடியிலிருந்து இறங்கி வந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாயே. நீ இல்லாமல் அந்தச் சேதி வந்தால் யார் படித்துக் காட்டுவார்கள்? கிழவன் மனசு நோகக் கூடாதென்று பாதியை விழுங்கிவிடுவார்கள். என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இதைக் கோவில் மலரில் போடப்போவதாக டீச்சர் சொல்கிறார். அதனால் படிக்கிறவர்களுக்கும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

ரிட்டையராகி நம் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்த புரொபசர் என்ன செய்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கணக்குப் போடுகிறார் என்று நான் சொல்லிவைத்தேன். அதைக் கேட்டு இரண்டு கடைக்காரர்கள் வருமான வரிக் காகிதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நீ அதையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தாய்.

உன் கணக்கு வேறு. இந்த உலகத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற பொருள் கொஞ்சம்தான், தெரியாமல் கிடப்பதுதான் அதிகம், அது எதனால் ஆனதென்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று நீ சொல்வாய். அது இப்படிப்பட்ட ஒரு துகளாக இருக்கலாம், அதன் எடை இவ்வளவு இருக்கலாம் என்று ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டாய். உன் மகள் ஜெசிந்தா அதைத் தேடுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். வெளிநாட்டில் ஒரு மலைக்கு அடியில் பெரிய தொட்டி, அதற்குள் ஒரு திரவம். அந்தத் துகள் வந்து மோதினால் உள்ளே பொட்டு வெளிச்சம் தெரியும். அதற்காகக் காத்திருக்கிறார்கள். "நீங்க பேப்பர்ல எழுதிட்டுப் போயிட்டீங்க, நான்தான் மலைக்கு அடியில கெடந்து தேடுறேன்" என்பாள். "அதுக்குத்தான் உன்னைப் பெத்தேன்" என்பாய்.

பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை. தொட்டியில் பதிவானதில், அந்தத் துகள் தெரியக்கூடிய பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் மூடி வைத்துவிடுவார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று எல்லாரும் கூடி முடிவு செய்த பிறகுதான் திறப்பார்கள். அதுவரை தேடுகிறவர்களே பார்க்கக் கூடாது.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. நான் ரொட்டிக் கடையில் அடுப்படியிலேயே கிடந்தவன். நடு நடுவே கதவைத் திறந்து பார்க்காவிட்டால் ரொட்டி என்ன ஆகும் என்று உன்னோடு சண்டைக்கு வந்தேன். நீ சிரித்தாய். "அதேதான் மாமா. நீங்க தொறந்து தொறந்து பாத்து, நீங்க நெனச்ச நெறம் வந்ததும் எடுத்துடுவீங்க. ரொட்டிக்கு அது சரி. எங்க வேலையில அப்படிச் செஞ்சா அது பொய்யாப் போயிடும்" என்றாய். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைத்து என்ன பயன்? ஆஸ்பத்திரியில் நீ அப்படிக் கிடந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அப்பா காதில் சொல்லம்மா என்று கெஞ்சினேன். அவள் முடியாது என்றாள். அப்படியானால் சும்மாவாவது இருக்கிறதென்று சொல்லிவை என்றேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்திருந்தேன். மூக்கு மேலிருந்த மாஸ்க்கை இழுத்துவிட்டு, "மாமா, என் பொண்ணைக் கெடுக்காதீங்க" என்றாய். அப்புறம் உனக்கே சிரிப்பு வந்து, இருமல் வந்து, நர்சம்மா ஓடி வந்து மூன்று பேரையும் திட்டினார்.

அன்றைக்குத்தான் என்னிடம் வாக்கு வாங்கினாய். "என்ன வந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க." உனக்கு என்ன வர வேண்டும் என்று கேட்டேன். "இருக்குன்னு வந்தா நான் சொன்னது சரி. இல்லன்னு வந்தா எம்பொண்ணு ஒழுங்கா தேடியிருக்கா. ரெண்டுமே நம்ம வீட்டுக்குள்ளதான மாமா" என்றாய்.

ஆனால் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். நிஜமாகத்தான் சொன்னாயா? ஜெசிந்தா பக்கத்தில் நிற்கிறாள் என்று சொன்னாயா? அதுதான் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது.

பெட்டி திறந்த அன்று ஜெசிந்தா நீண்ட லீவில் இங்கேதான் இருந்தாள். உன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங். வெளியாட்கள் பார்க்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து பார்த்தே பழகின கை, என்ன பாடுபட்டிருக்கும் சொல். திறக்கவில்லை. அதை மட்டும் நீ நம்பலாம்.

அவள் வெளியே வந்து, எல்லாருக்கும் அறிவிக்கிற வரை வீட்டிலும் சொல்லக் கூடாது மாமா என்றுவிட்டாள். தெரிந்த ஒருத்தி வீட்டுக்குள் நடமாடுகிறாள், எனக்குத் தெரியாது. வறுத்த மீனை அவள் நன்றாகச் சாப்பிட்டால் இருக்கிறது என்று நினைப்பேன். தட்டில் மிச்சம் வைத்தால் இல்லை என்று நினைப்பேன். உன் அக்கா, "புள்ளைய நிம்மதியா சாப்பிட வுடுங்க" என்று என்னை வேறு அறையில் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

அறிவித்த அன்று அவளே என்னிடம் வந்தாள். வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, படித்துக்கொள்கிறேன் என்றேன். படியில் உட்கார்ந்து பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். அவள் ஓர் எழுத்தும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அப்பா சொன்ன எடையில் நன்றாகத் தேடினோம். அங்கே அது இல்லை."

எழுதிவிட்டேன் மச்சான். இல்லை.

அப்படியானால் அப்பா போட்ட கணக்கு தப்பா என்று கேட்டேன். "கணக்குல ஒரு தப்பும் இல்ல மாமா. உலகம் அப்படி இல்ல, அவ்ளோதான்" என்றாள். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகு நேரம் கழுவினாள்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை உன்னிடம் வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வந்தோம். சுத்தம் செய்தேன், பூ வைத்தேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்துக் கல்லறைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உனக்கும் அடிக்க வேண்டும் என்று பேசிவிட்டு வந்துவிட்டேன். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் கேட்டார். "அப்போ நம்ம புரொபசர் முசே இத்தினி வருசமாக் கண்டுபிடிச்சது ஒண்ணுமில்லியா?" எனக்குச் சுருக்கென்றது. "இல்லன்னு தெரியணும்னா, இருக்கலாம்னு ஒருத்தன் ஒழுங்கா சொல்லியிருக்கணும்ல" என்றேன். "அதுக்கு இவ்ளோ படிக்கணுமா?" என்றார். நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஜெசிந்தா திங்கட்கிழமை கிளம்புகிறாள். இன்னும் பெரிய தொட்டி கட்டுகிறார்களாம், வேறு எடையில் தேடுவார்களாம். அந்தப் பெட்டி திறக்கும்போது நான் இருப்பேனோ என்னவோ. எங்கே இருந்தாலும் எழுதிப் போடு, படித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளோடு உன்னிடம் வருகிறேன். இந்தக் காகிதத்தை விரித்து, விரலை ஓட்டி, நானே சத்தமாகப் படிப்பேன். இந்தத் தடவை போனதும் பூ வைக்க மாட்டேன். முதலில் 'இல்லை' என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம்தான் பூ.

உன் அக்காவைக் கட்டிய மாமா,
அருளப்பன்