உன் கழுத்துக்குத் தைத்த நாற்காலி

அம்மணி,

வெள்ளகோவில்காரருடைய அம்பாசிடர் போன வாரம் திரும்பி வந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். பின் கதவைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் கொஞ்சமாக, நாம் அன்றைக்குப் பூசிய பசை வாசனையும் புது லெதர் வாசனையும் இன்னும் இருந்தன. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். நான் வைத்துத் தைத்த ஸ்பாஞ்சைக் குடைந்து எலி குட்டி போட்டிருக்கிறது. அதற்குக் கீழே நீ ஓட்டிய ஒயர்க் கட்டு, அங்கங்கே செம்பு தெரியும்படி கடிபட்டுக் கிடந்தது.

மகள் கல்யாணம் முடிந்த கையோடு வண்டியைத் தேங்காய்க் களத்து ஷெட்டுக்குள் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்களாம். அப்புறம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

"கடிச்ச எடத்துல மட்டும் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கலாமுங்களா?" என்று அவர் கேட்டார். மொத்தத்தையும் உருவிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொன்னேன். நீ இருந்திருந்தால் என்னைக் கேட்காமலே உருவிப் போட்டிருப்பாய். கடிபட்ட ஒயரை நம்பி ஒரு குடும்பத்தை உள்ளே உட்கார வைக்க முடியுமா? நானேதான் கிளிப் கிளிப்பாகக் கழற்றி உருவினேன். சாயங்காலம் வரை அது பட்டறைத் தரையில் நீளமாகக் கிடந்தது. யாரையும் மிதிக்க விடவில்லை. மறுநாள் செம்புக்காக எடைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். எழுதியாவது விடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தக் கணபதிப் பட்டறைக்கு நான் வந்தபோது நீ ஏற்கெனவே இங்கே இருந்தாய். கார்களுக்கு ஒயர்க் கட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் பல வருஷம் ஒயர் அடுக்கும் பலகை முன்னால் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள் நீ. நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்து, பிறகு சீட் கவர் கடையில் தைத்து, இங்கே வந்து சேர்ந்தேன். பழைய கார்களைப் புதிதாக்குகிற இடம். டிங்கர், பெயிண்டர், மெக்கானிக் எல்லாம் ஆண்கள். பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் உன்னை அம்மணி என்பேன், நீ என்னை அம்மணி என்பாய். முதலாளி "ஏனுங்க அம்மணி" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம். "ஒயரு அம்மணி, சீட்டு அம்மணின்னு பேரு வெச்சுக்கலாமுங்க" என்று அவர் சிரிப்பார்.

ஒயரிங் முடிந்த பிறகுதான் சீட் வேலை. அதனால் நான் எப்போதும் உனக்காகக் காத்திருப்பவள். காத்திருந்து காத்திருந்து எரிச்சல் வரும். நீயோ நான் முடித்துவிட்டுப் போகிற கதவுப் பலகை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பாய். "உன்ற ஸ்க்ரூ என்ற ஒயர்ல பட்டுது, கையை ஒடிச்சுப்போடுவேன்" என்பாய். ஒருநாள் பட்டுத்தான் விட்டது. நீ கையை ஒடிக்கவில்லை. மத்தியானச் சோற்றில் எனக்கு வைத்திருந்த முட்டையை எடுத்து நீயே தின்றுவிட்டாய்.

வெள்ளகோவில்காரருக்கு எண்ணெய் மில். அவருடைய அப்பா வாங்கிய அம்பாசிடரில்தான் மகள் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளியே பார்க்கப் பழைய வண்டி; உள்ளே ஏசி, பட்டனில் இறங்கும் கண்ணாடி, பாட்டு, திராட்சை நிற லெதர். இதற்கெல்லாம் தாங்குகிற ஒயரிங் அந்தக் காலத்து வண்டியில் ஏது? நீ பெரிய பிளைவுட் பலகையைச் சுவரில் சாய்த்து, முழு வண்டியையும் அதில் சாக்பீஸால் வரைந்தாய். எந்த ஒயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேரும் என்று ஆணி அடித்து அடித்து வைத்தாய். உனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் பிளையர் உன் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தாய். மறுபடியும் விழுந்தது. "ராத்திரி கை மேலே படுத்துட்டேன்போல" என்று சிரித்தாய். அடுத்த வாரம் ஒயர் முனையில் டெர்மினல் தகட்டை வைத்துப் பிளையரால் அமுக்கினால் அமுங்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினாய். அதற்கடுத்த வாரம் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்குத்தான் வந்தாய். நான் கூரைத் துணியை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். காருக்குள் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாய்.

"பேரு என்னமோ நீளமாச் சொன்னாங்க அம்மணி. மருந்து இல்லையாமா. மொதல்ல கையாமா, அப்புறம் காலு, அப்புறம் பேச்சு, கடைசியில மூச்சு. மூளை மட்டும் நல்லாவே இருக்குமாமா. எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்கோணும்."

என் கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. துணி ஒரு பக்கம் தொங்கியது. வீட்டில் ஓய்வாக இரு என்று நான் சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது. "ஊட்டுல உக்காந்து செவுத்தைப் பார்க்கறதா? இந்த வண்டியை முடிச்சுபோட்டுத்தான் போவேன்."

கொஞ்ச நாள் மறைத்தோம். நீ சொல்லச் சொல்ல நான் அமுக்குவேன். முதலாளி அந்தப் பக்கம் வந்தால் பிளையரை உன் கையில் வைப்பேன். ஆனால் உன் கட்டைவிரல் மேடு குழி விழுந்து போனதை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒருநாள் முதலாளி நேராகவே சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. வண்டி தீப்பிடிச்சா என்ற பேரு போயிரும். வேற ஆளை வெச்சு முடிச்சுக்கறேன். உங்களுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கறேனுங்க."

"கைதானுங்க சீட்டு அம்மணியோடது. கண்ணு என்னோடது. நான் பார்க்காம ஒரு ஒயர்லயும் டேப்பு சுத்த மாட்டோமுங்க" என்றாய். அவர் காரின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "செரி, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீ பார்க்கவில்லை.

அதற்கப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தோம். நீ சொல்வாய், நான் செய்வேன். "இன்னும் அமுக்கு. இப்ப இழுத்துப் பாரு. வரலையா? அப்பச் செரி." கதவு மடங்குகிற இடத்தில் ஒயரைத் தளர்வாக விடச் சொல்வாய். லெதரை இழுத்து இழுத்தே பழகிய கை எனக்கு. தளர விடத் தெரியாது. மூன்று தடவை பிரித்துக் கட்ட வைத்தாய். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் உன் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வலிக்கிறதோ என்று பயந்தேன். நெற்றி மயிர் கண்ணில் விழுந்து கிடந்தது. கையைத் தூக்கி ஒதுக்க உன்னால் முடியவில்லை. என்னிடம் சொல்லவும் பிடிக்கவில்லை. நான் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் சொருகினேன். நீ மேலே பார்த்தபடியே, "அடுத்தது பச்சை ஒயரு" என்றாய்.

பேட்டரி இணைத்த அன்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஹெட்லைட் போடும் குமிழை நீயே இழுப்பதாகச் சொன்னாய். விரல் மடங்கவில்லை. நான் கை நீட்டினேன். "தொடாதே" என்றாய். இரண்டு விரலுக்கு நடுவே குமிழைச் செருகி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாய். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. டிங்கர் கை தட்டினார். நீ தட்ட முடியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

அதன் பிறகு என் வேலை. கார்ப்பெட், கதவுப் பலகை, சீட் என்று ஒவ்வொன்றாக உன் ஒயர்களை மூடினேன். நீ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாய்.

கல்யாணத்துக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உனக்கு ஊட்டிவிட்டேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளகோவில்காரர் வந்து, "வண்டி தேராட்ட வந்துதுங்க" என்று உன்னைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட உனக்குக் கை எழவில்லை. போதும் எழுந்திரு என்று கண்ணால் சொன்னாய். பாயசம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

டாக்டர் சொன்ன வரிசை தப்பவே இல்லை. கால் போனது. பேச்சு குழறியது. லேத்து வேலைக்குப் போகும் உன் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் புரிந்தது. பிறகு அவருக்கு மட்டும். பிள்ளை இல்லாத வீட்டில் அவர் ஒருவரே சமைத்து, குளிப்பாட்டி, வேலைக்கும் போய் வந்தார். மத்தியானம் நான் வந்துவிடுவேன். கழுத்து நிற்காமல் தலை நெஞ்சில் விழுந்து மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை கழுத்தைப் புண்ணாக்கியது.

உன் வீட்டுக்காரர் சக்கரம் வைத்த சட்டம் செய்தார். பட்டறையில் கிடந்த ஒரு காரின் முன் சீட்டை அதில் பூட்டினோம். உன் தலையை என் உள்ளங்கையில் ஏந்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அளவெடுத்தேன். வலப் பக்கம் சாய்ந்தது. அங்கே கெட்டி ஸ்பாஞ்ச், பின்னால் மெத்தென்று, மேலே வேர்க்காத பருத்தித் துணி. ஓரத்தில் மட்டும் அம்பாசிடரில் மீந்த திராட்சை நிற லெதரைக் கயிறுபோல உருட்டிப் பைப்பிங் வைத்தேன். அதைப் பார்த்து ஏதோ கேட்டாய். மூன்றாவது தடவைதான் புரிந்தது. "பைப்பிங் எதுக்கு?"

"அழகுக்குத்தான்" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, மூச்சு சிக்கி, முகம் நீலம் பாரித்தது. முதுகைத் தட்டித் தட்டி மீட்டோம். அதற்கப்புறம் உன்னைச் சிரிக்க வைக்கப் பயந்தோம்.

கூப்பிட மணி வேண்டுமே என்று, கார்க் கதவில் இருக்கும் அமுக்கு சுவிட்ச் ஒன்றை இன்னும் கொஞ்சம் அசைந்த உன் கால் கட்டைவிரலுக்குக் கீழே பொருத்தினேன். நானே ஒயர் ஓட்டினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் நீ கண்ணை இடமும் வலமும் ஆட்டுகிறாய். பேட்டரியையே பார்க்கிறாய். ஃபியூஸ் போட மறந்திருந்தேன். போட்ட பிறகுதான் கண்ணை மூடித் திறந்தாய்.

ஒரு மத்தியானம், நான் பட்டறையை விட்டுக் கிளம்புவதற்குள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "அம்மணி, வந்துருங்க" என்றார். மணி அடிக்கவில்லையாம். அவர் கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது உனக்கு மூச்சு இல்லையாம். நான் வந்தபோது நாற்காலியில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாய். நாங்கள் உன்னைத் தூக்கிய பிறகும் ஸ்பாஞ்சில் குழி அப்படியே இருந்தது.

ரொம்ப நாள் அந்த நாற்காலி உன் வீட்டு மூலையில் நின்றது. மழைக்காலத்துக்கு முன்னால் உன் வீட்டுக்காரர் கேட்டார்: "கருமத்தம்பட்டியில தறி ஓட்டற ஒருத்தருக்கும் இதே சீக்காமா. அவரு சம்சாரம் வந்து கேட்டுச்சு. குடுத்துரலாமுங்களா?" கொடுத்துவிடலாம் என்றேன்.

கத்தரி, ஊசி எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். தறிக்காரரை உட்கார வைத்துப் பார்த்தால் தலை இடப் பக்கம் சாய்ந்தது. உனக்கு வைத்த ஸ்பாஞ்சு அவருக்கு இடிக்கும். தையலைப் பிரித்தேன். வலப் பக்கத்தை அறுத்து எடுத்தேன்.

அவர் தலையை என் கையில் தாங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பேச்சு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இதுல… யாரு… உக்காந்திருந்தாங்க?"

"என்ற கூட்டாளிங்க அண்ணா. கார் ஒயரிங் பண்ணுவா."

"இப்ப?"

அவருக்குப் பின்னால் நின்ற சம்சாரம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது. பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்லைங்கண்ணா."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தார். பிறகு கேட்டார்: "வலிச்சுதா?"

"இதுல உக்காந்தப்புறம் கழுத்து வலிக்கலைங்க. மத்ததெல்லாம் வலிச்சுதுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை பிடித்துவைத்திருந்த கழுத்தை விட்டுவிட்டு, தலையின் மொத்தக் கனத்தையும் என் கையில் இறக்கினார்.

"செரி. தையிங்க."

அந்தம்மா அன்று எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது. "அவரு உங்களையே கேட்கறாருங்க. வாங்க." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கருமத்தம்பட்டிக்குப் போகிறேன்.

போன ஞாயிறு அவருக்குப் பேச்சு முழுதாக நின்றுவிட்டிருந்தது. இனி வாய் மூடாது. தாடை தொங்கும், எச்சில் மூச்சுக் குழாயில் இறங்கும். அந்தம்மாவுக்கு அது இன்னும் தெரியாது. பேச்சு திரும்புமா என்று வாசல்வரை வந்து என்னைக் கேட்டது. இப்போது மடியில் வைத்து, அவர் தாடைக்குக் கீழே கொடுக்க ஒரு சின்னத் திண்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து என்ன வரும், அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அம்மணி. அவர்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.