கழற்றாத கன்வெர்ட்டர்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று நான்தான் ஜெயித்தேன். என் டீசல் கார் ஒரு வாரமாக மேம்பாலம் ஏறத் திணறிக் கரும்புகை கக்கியது. மெக்கானிக் செல்வத்துக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். "சைலன்சர்ல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரைக் கழட்டிட்டு வெறும் குழாயை வச்சிருவோம்க்கா. வண்டி பறக்கும்."

எங்கள் உப்பளத்தில் மோட்டார் நின்றால் முதலில் துருப்பிடித்த இடத்தைத்தான் தேடுவோம். "ஏலே, அதைத் தொடாத. இன்ஜினுக்குக் காத்து போற டர்போ குழாயைப் பாரு" என்றேன். குழாயை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு வளையம், அந்தக் கிளாம்ப், உப்புக்காற்றில் அரித்துப்போய்க் காற்று கசிந்துகொண்டிருந்தது.

புதுக் கிளாம்ப் போட்டதும் கார் மூன்றாவது கியரிலேயே பாலம் ஏறியது. பின்னால் துளிப் புகை இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த செல்வம் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான். இறங்கும்போது மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, என் வண்டியும் இப்படித்தான் புகையுது. அதுல கன்வெர்ட்டரைப் போன மாசமே கழட்டி எறிஞ்சிட்டேன், அப்பவும் புகை நிக்கல."