நிற்காத கடைசிக் கோடு

இசுமிசானோ
2016 மே 9

கினுகோவுக்கு,

மசுயோ எழுதுகிறேன். இங்கே மழை தொடங்கவில்லை, முழங்கால் வலி தொடங்கிவிட்டது. உன் புத்தாண்டு அட்டையில் ஒரே வரி. 1961இல் என் கல்யாணத்துக்கு வராதபோதும் ஒரே வரிதான் எழுதினாய். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இத்துடன் ஓர் இசைத்தட்டு வருகிறது. போட்டவர்கள் மூன்று பேர். குழுவின் பெயர் ‘மூன்றாம் ஷிப்ட்’. பாட்டு கிடையாது, வாத்தியம் கிடையாது. ஓசைகளைப் பிடித்து மின்கருவிகளில் போட்டுப் பிசைகிறார்கள். நாம் பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த துண்டு ஆலையில் ஒரே ஒரு பழைய தறியை விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் சத்தம் வேண்டுமென்று வந்தார்கள். குழுவின் தலைவி தோவாகோ, “பாட்டி, இதை ஓட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாம். நீங்க ஓட்டுவீங்களா?” என்று கேட்டாள். ஓட்டினேன். கை மறக்கவில்லை. அட்டையின் பின்பக்கம் என் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். இந்த வயதில் என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை.

கேட்டுவிட்டு எழுது. ஒரு வரி போதாது.

மசுயோ

---

தொகுஷிமா
மே 21

மசுயோவுக்கு,

உன் தட்டைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மருமகன் அவனுடைய கருவியில் போட்டான். ஐந்து நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு, “அத்தை, இது பெரிய வேலை” என்றான். என் மகள், “வாஷிங் மெஷின்ல செருப்பைப் போட்ட மாதிரி இருக்கு” என்றாள். இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. உனக்குத் திருப்திதானே.

இரண்டாம் பக்கத்தின் முடிவில் அந்தத் தறி மட்டும் தனியாக ஓடுகிறது. கடைசிக் கோட்டை வட்டமாக மூடிவிட்டார்களாம். யாராவது ஊசியைத் தூக்கும்வரை அது நிற்காது என்று மருமகன் பெருமையாகச் சொன்னான். நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

தறியின் எண்ணை நீ எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். நூலோடு குறுக்கே ஓடும் நாடா இடது பக்கம் போய் அடிக்கும்போது ஓர் இருமல் கேட்கும். இருபத்துமூன்றாம் தறி. என் வலது கையின் இரண்டு விரலைத் தின்ற தறி. அதை ஓட்டிக் காட்டி, பெயரும் போட்டுக்கொண்டு, எனக்கே அனுப்புகிறாய்.

அறுபத்தொரு வருஷமாகக் கேட்காததை இப்போது கேட்கிறேன். நிறுத்தும் கைப்பிடி உன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏன் இழுக்கவில்லை?

பதில் இல்லையென்றால் இனி எழுதாதே.

கினுகோ

---

இசுமிசானோ
மே 25

கினுகோவுக்கு,

பார்சல் வந்தது. தட்டோடு நான் அனுப்பிய கத்தரிக்காய் ஊறுகாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1958இல் நீ என்னிடம் வாங்கிப்போன குடையும் இன்னும் வரவில்லை.

இந்தத் தட்டைத் திட்டுவதற்கு நீ ஒருத்தி மட்டும் இல்லை. ஒசாகாவில் குராமோச்சி என்பவர் இசைத்தட்டுக் காப்பிக்கடை வைத்திருக்கிறார். தட்டு ஓடும்போது பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை மேசையில் கிடக்கும் நோட்டில்தான் எழுத வேண்டும். தோவாகோ அந்த நோட்டை எனக்குப் படித்துக் காட்டினாள். ஒருவர், ‘இருபது வருஷமாக இதற்காகத்தான் காது வைத்திருந்தேன்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர், ‘அந்தக் காதை டாக்டரிடம் காட்டவும்’ என்கிறார். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: ‘இவர்களின் முதல் தட்டில் நான் அழுதேன். இதில் ஏமாந்தேன்.’ அதன் மேல் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே என்று தோவாகோ சொல்கிறாள்.

எனக்கு இந்தத் தட்டு பிடித்திருக்கிறது. அதில் மாற்றமில்லை.

ஜூன் 12 ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கடையில் முழுத் தட்டையும் போடுகிறார்கள். வா. நீ கேட்டதற்கு அங்கே பதில் சொல்கிறேன். காகிதத்தில் எனக்கு வரவில்லை.

மசுயோ

---

இசுமிசானோ
ஜூன் 13

கினுகோவுக்கு,

நீ வரவில்லை. உனக்கென்று என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தேன். மூன்று பேர் கேட்டார்கள், தரவில்லை.

கடைச் சுவரில் ஒரு பலகை. என் கண்ணுக்கு எட்டவில்லை, தோவாகோவிடம் படிக்கச் சொன்னேன். ‘ஊசியைக் கடைக்காரர் மட்டுமே தொடலாம்.’ கேட்டதும் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இரண்டாம் பக்கம் முடிந்து கடைசிக் கோடு வந்தது. தறி ஓடுகிறது, இருமுகிறது, ஓடுகிறது. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. குழுவினர் சொல்லட்டும் என்று குராமோச்சி காத்திருக்கிறார். கடைக்காரர் தூக்கட்டும் என்று குழுவினர் காத்திருக்கிறார்கள். பேசக்கூடாது என்பதால் யாரும் யாரையும் கேட்கவில்லை. பிடித்தவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். பிடிக்காதவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர், ஒருவரும் அசையவில்லை. இருபது நிமிஷம்.

நம் ஆலையிலும் பலகை இருந்தது. ‘கைப்பிடியை மேஸ்திரி மட்டுமே தொடலாம்.’ அந்த ஆலையில் எனக்கு மனப்பாடமானது நாலைந்து வரிதான், அதில் அது ஒன்று. நீ கத்தினாய். என் கை கைப்பிடிக்குப் போனது, கண் பலகைக்குப் போனது. மேஸ்திரியைக் கூப்பிட ஓடினேன். போக நாற்பத்திரண்டு அடி, வர நாற்பத்திரண்டு அடி. இதுதான் பதில். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நீ தராத குடையையும் நீ வராத கல்யாணத்தையும் இத்தனை வருஷம் பிடித்துத் தொங்கியது, நீ இதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான்.

நேற்று எழுந்தேன். ஏழு அடி. ஊசியைத் தூக்கிவிட்டேன்.

ஒரு பையன், “பாட்டி, இன்னும் முடியலையே” என்றான்.

“முடிஞ்சிடுச்சு” என்றேன்.

பிறகு அந்தக் கடையில் பேசக்கூடாது என்ற சட்டமே இல்லாமல் போனது. “அந்தம்மா கெடுத்துட்டாங்க” என்று ஒரு பக்கம். “அதுதான்யா முடிவு, உனக்குப் புரியலையா?” என்று இன்னொரு பக்கம். “நீ எழுந்தியா? உனக்கெங்கே தைரியம்?” என்று ஒரு மனைவி கணவனைக் கேட்டாள். குராமோச்சி பலகையைக் கழற்றவில்லை, ஆனால் எனக்கு இன்னொரு காப்பி கொடுத்தார். தோவாகோ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்க வேண்டியிருக்கும். நடந்ததைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இனி எழுதாதே என்றால் எழுதமாட்டேன்.

மசுயோ

---

தொகுஷிமா
ஜூன் 24

மசுயோவுக்கு,

உன் கடிதத்தை மகள் ஒரு தடவை படித்துக் காட்டினாள். பிறகு நானே மூன்று தடவை படித்தேன்.

அது இசை இல்லை. இதில் எனக்கும் மாற்றமில்லை. மருமகனிடமும் சொல்லிவிட்டேன்.

குடையை அந்த வருஷப் புயலிலேயே காற்று கொண்டுபோய்விட்டது. ஊறுகாயில் உப்பு கூடுதல்.

தட்டைத் திரும்ப அனுப்பு. முதல் பக்கம் எனக்கு வேண்டாம். அந்தக் கடைசிக் கோட்டை மட்டும் ஓடவிட்டு, எனக்குத் தோன்றுகிற நேரத்தில் நானே நிறுத்தப்போகிறேன். வலது கையாலேயே. ஊசியைத் தூக்க மூன்று விரல் போதும்.

கினுகோ