இரண்டு மணிப் படமும் இடையில் விளம்பரமும்

மே 12, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை. செய்ய வேண்டியது: அத்தைக்கு மாத்திரை (மத்தியானத்தது தீர்ந்துவிட்டது), மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி, கவிதா நோட்டுக்கு அட்டை. பள்ளி திறக்க இன்னும் நாள் கிடக்கிறது, அவளுக்கு அதற்குள் அவசரம்.

இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி இப்போது சத்தீஸ்கரில், பேர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில். ராத்திரியெல்லாம் போர் போட்டுவிட்டு மத்தியானம் பைப் லாரிக்கு அடியில் படுதா விரித்துப் படுப்பார்கள். அவர் ஓட்டுகிற ரிக்குக்கு அந்த நேரம்தான் ஓய்வு. அத்தை கண்ணசருவதும் அப்போதுதான். ஆனாலும் போனில் பேசினால் ஹாலில் படுத்திருக்கிறவருக்கு எப்படியோ கேட்டுவிடும். "என்னவாம் அவனுக்கு?" என்று ஆரம்பிப்பார். அதனால் பேசுவதில்லை. படம் பார்க்கிறோம். அவர் அங்கே, நான் சமையல் அறையில். ஒரே ஆப், ஒரே படம். "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணி, போனை வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். அப்புறம் மெசேஜ். "சிரிச்சியா?" என்று அனுப்புவார். சிரித்திருப்பேன்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம். சேர்ந்து தியேட்டருக்குப் போனது நான்கு தடவை. ஆயுத பூஜை முடிந்து வண்டி கிளம்பியதிலிருந்து இப்படி இருபது படம் பார்த்துவிட்டோம். யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று படத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பு. அடுத்த மாதத்திலிருந்து விலை கூடுகிறதாம். பழைய விலையே போதும் என்கிறவர்கள் விளம்பரத்தோடு பார்த்துக்கொள்ளலாமாம். எல்லாம் நம் அனுபவத்தை மேம்படுத்தத்தானாம். இந்த இரண்டு வருடத்தில் மூன்றாவது மேம்பாடு.

மே 14, புதன்

அவரே விளம்பரத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. சண்டை போட்டேன்.

"எச்சாக் காசு எதுக்கு புள்ள? ரெண்டு விளம்பரம் பாத்தாத் தேஞ்சா போயிருவோம்?"

தையல் காசில் நானே கட்டுகிறேன் என்றேன். கட்ட முடியாது. கணக்கு அவர் பேரில். ஓடிபி அவர் போனுக்கு. பணம் எடுப்பது அவர் பேங்கில். நிறுத்த நினைத்தாலும் என்னால் நிறுத்த முடியாது. நான் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மத்தியானம் நடந்த கூத்து: இருபத்து நாலாவது நிமிடம் எனக்கு நகைக்கடை. அவருக்கு இந்தியில் தண்ணீர்த் தொட்டி. எனக்கு முடிந்துவிட்டது, அவருக்கு முடியவில்லை. "இங்க இன்னும் தொட்டிதான் ஓடுது, நில்லு" என்று மெசேஜ். நின்றேன். "ம், போடு" என்றார். போட்டேன், எனக்கு நெட் சுற்றியது. அதற்கப்புறம் எங்கே இருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கதாநாயகியின் அப்பா செத்துக் கிடக்கிறார், நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன், அவரிடமிருந்து "சிரிச்சியா?"

அத்தைக்கு மட்டும் இந்த விளம்பரத்தில் சந்தோஷம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்துப் பதினான்கு மாதம். சாயங்காலம் டிவியில் அதே ஆப்பில் பழைய சாமி படம் போட்டுவிடுவேன். படத்தின்போது தூங்கிவிடுகிறார், விளம்பரத்துக்கு விழித்துக்கொள்கிறார்.

"ஏஞ்சாமி, இந்தப் புள்ள கழுத்துல கெடக்கறது எத்தன பவுனு இருக்கும்?"

"அதெல்லாம் கடைக்காரனுதுங்க அத்தை. படம் புடிச்சு முடிஞ்சதும் கழட்டி வாங்கிக்குவாங்க."

"அட பாவமே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மே 17, சனி

அண்ணன் வந்தார். மாம்பழம் ஒரு பை. உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். காலேஜ் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். மேனேஜர் அண்ணனுக்குப் பழக்கம், இவருக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

"மாப்ள வாராரா இல்லியான்னு ரெண்டாந்தேதிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப்போடு. அதுக்கு மேல அவிய காத்திருக்க மாட்டாங்க. காலைல போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்தர்லாம். ஞாயித்துக்கெழம லீவு."

ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த வார்த்தையை அண்ணன் போன பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இதுதான் கடைசி சீசன் என்று சொல்லித்தான் போன ஐப்பசியில் வண்டி ஏறினார். வைகாசித் தேருக்கு வந்துவிடுவேன், அப்புறம் ரிக் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றார். கவிதா தலையில் கை வைத்துச் சொன்னார். மத்தியானம் படத்துக்கு முன் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றார். ஒன்னு, ரெண்டு, மூனு.

மே 22, வியாழன்

சாயங்காலம் டிவி ஓடவில்லை. இங்கிலீஷில் என்னவோ எழுதி நின்றது. கவிதா படித்துச் சொன்னாள்.

"இந்த டிவி நம்ம வீட்டு டிவி இல்லையாம்மா. வேற வீட்டோடதாம். அதனால பாக்க முடியாதாம்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊட்டுச் செவுத்துலதான மாட்டியிருக்குது? அவனுக்குக் கண்ணு தெரியலியா?"

என் போனிலும் அதே. அவர் எடுக்கவில்லை. வண்டி இடம் மாறுகிறதாக இருக்கும்.

இரவு சோறு: தக்காளி ரசம். யாருக்கும் பிடிக்கவில்லை.

மே 23, வெள்ளி

போனில் ஆளைப் பிடித்தேன். பைப் லாரி கேபினில் பையன்கள் ஒரு சின்ன டிவி வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இவர் அதில் எங்கள் ஆப்பைப் போட்டிருக்கிறார்.

"இதுதான் உங்க ஊடான்னு கேட்டுது புள்ள. பசங்க அவசரப்படுத்துனானுக. ஆமான்னு அமுத்திப்போட்டேன்."

"ஏனுங்க, அது ஊடுங்களா? லாரிங்க."

"எட்டு மாசமா இங்கதான கெடக்கறேன். கை அதுக்குப் போயிருச்சு."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் என் மேல் எனக்கே எரிச்சல். ஒரு கணக்குக்கு ஒரு வீடுதானாம். முப்பது நாள் கழித்துத்தான் மாற்ற முடியுமாம். ஆக, ஆப்பின் கணக்குப்படி எங்கள் வீடு சத்தீஸ்கரில் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடும். இங்கே நானும் கவிதாவும் அத்தையும் அந்த வீட்டைச் சேராதவர்கள்.

கொக்கி தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது.

மே 27, செவ்வாய்

ஐந்து நாளாகப் படம் இல்லை. இரண்டு மணிக்குப் பேசிப் பார்க்கிறோம். வெளியே துணி துவைக்கும் கல் மேல் உட்கார்ந்து, வெயிலில்.

சாப்டியா. சாப்டேன். நீங்க? ஆச்சு. அம்மா? இருக்காங்க. கவிதா? இருக்கா. வெயிலு? பயங்கரம்.

அப்புறம் ஒன்றும் இல்லை. மூன்று நிமிடம் ஆகியிருந்தது. படம் ஓடும்போது பேச எவ்வளவோ இருந்தது: அவன் ஏன் அந்தப் புடவையை ஒளித்து வைத்தான், அந்தக் கிழவர் நம்ம பெரியப்பா மாதிரியே இல்லையா என்று. எங்கள் பேச்செல்லாம் படத்திலிருந்து இரவல் வாங்கியது என்று இப்போதுதான் தெரிகிறது. பயமாக இருந்தது.

தேருக்குக் கடைவீதியில் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். பின்தெருவில் மூன்று ரிக் வண்டி வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோமதியின் வீட்டுக்காரர் வந்துவிட்டார், இரண்டு பேரும் பைக்கில் ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போனார்கள். என்னைப் பார்த்து, "உங்கவிய எப்பங்க வாராங்க?" என்றாள். இந்த வாரம் என்றேன். நானாகச் சொன்னது. அவர் எந்த வாரம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

அத்தை காலையிலிருந்து டிவி, டிவி என்று. கேபிளில் போட்டால் வேண்டாமாம், "அந்த நகக்கடப் புள்ள வர்றதப் போடு." கவிதா என் போனை வாங்கி ஆப்பில் ஏதாவது செய்ய முடியுமா என்று நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வருசத் திட்டம் எடுத்திருக்காரு. நேத்துத்தான். அடுத்த மே மாசம் வரைக்கும் இருக்குது. விளம்பரத்தோட."

விலை ஏறுவதற்குள் எடுத்திருப்பார் என்றேன்.

"ஆமா, வெல ஏறாதுல்ல, நல்லதுதான? ஆனா வீடுங்கற எடத்துல அந்த லாரி டிவிதான் இருக்குது. பேரு கூட மாத்திட்டாரு பாரேன். 'நம்ம வண்டி'ன்னு."

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கினேன்.

கூப்பிட்டேன். பையன் ஒருவன் எடுத்தான், அவர் பஞ்சர் பார்க்கப் போயிருக்கிறாராம். ஆப் பற்றிக் கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. "ஆமாங்கக்கா, அஞ்சு பேரும் பங்கு போட்டு ஒரு வருசத்துக்கு எடுத்துட்டமுங்க. ராஜஸ்தான்ல பொழுது போவோணுமில்லீங்க?" என்றான் சந்தோஷமாக.

ராஜஸ்தான்.

இரண்டு வாரத்தில் இறங்கிப் போகிறவன் ஒரு வருடத்துக்குப் பங்கு போட மாட்டான். இதற்கு மேல் எனக்கு யாரும் எதையும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பெட்டியடியில் ஒளித்து வைத்த பத்திரம் மாதிரி ஆப்பின் கணக்குப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். ரத்து செய்யலாமா என்று ஒரு பொத்தான். அமுக்கினேன். வருடத் திட்டத்தை இடையில் ரத்து செய்ய முடியாது என்று வந்தது.

அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருப்பிவிட்டேன். "மெதுவா சாமி" என்றார். தப்பு. அவர் மேல் காட்டி என்ன செய்ய. மன்னிப்புக் கேட்கவில்லை, எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

கவிதா பள்ளிக்குப் போய்விட்டாள். அண்ணன் காலையில் ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு மணிக்கு அவர். நேராகக் கேட்டேன்.

"ராஜஸ்தான் போறீங்களா?"

 

"இங்க மழ புடிச்சா வண்டி அங்க போகுது. டிரைவரு ஆளு இல்ல. ஓனரு கையப் புடிச்சுக் கேட்டாரு புள்ள. சரின்னுட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"மாசில."

மாசி. அண்ணன் வந்து சொன்னதை நான் சொன்னபோது, "சரி, பாக்கலாம்" என்றாரே, அப்போதே மூன்று மாதம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒன்னு, ரெண்டு, மூனு எண்ணினாரே, அந்த வாயால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

"தேருக்கு?"

"பத்து நாளு லீவு கேட்டிருக்கறேன். குடுப்பாரு."

"எனக்கு இங்க மூச்சு முட்டுதுங்க" என்றேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை சொன்னேன். சொன்ன பிறகு அத்தை விழித்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மூச்சு முட்டுகிறது.

"தெரியுது புள்ள" என்றார். பாவம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது, பாழாய்ப்போன மனசு. அப்புறம் அவர் குரல் மாறியது, ஏதோ சாமான் வாங்கி வந்தவர் மாதிரி.

"ஒன்னு கண்டுபுடிச்சிருக்கறேன். முப்பது நாளு காத்திருக்க வேண்டாம். உன்ற போன்ல, நான் பயணத்துல இருக்கறேன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு. அத அமுத்து. எனக்கு நம்பரு வரும், சொல்றேன். அடிச்சின்னா நீயும் பாக்கலாம். கடைசியா ஒன்னாப் பாத்தமே, அந்தப் படத்தையே போடலாமா?"

"ஊட்டுல இருக்கறவ நானுங்க. பயணத்துல இருக்கறது நீங்க."

"அது ஆப்புக்குத் தெரியாதல்ல."

பட்டன் இருந்தது. இந்தப் பதினான்கு மாதத்தில் நான் ஈரோடுகூடப் போகவில்லை. மருந்துக்கடை, ரேஷன் கடை, கவிதா பள்ளியில் ஒரு கூட்டம். 'நான் பயணத்தில் இருக்கிறேன்' அமுக்கினேன். நான்கு எண் சொன்னார். அடித்தேன். உங்கள் பயணம் இனிதாகட்டும் என்று வந்தது.

ஒன்னு, ரெண்டு, மூனு.

முதலில் விளம்பரம். தாண்ட முடியாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்கு அனுப்பினேன்: "காலேஜ் பஸ்ஸுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்கண்ணா." இரண்டு நீல டிக் விழுந்தது.  விளம்பரம் இன்னும் முடியவில்லை.