மாப்பிள்ளை பாடிய கச்சேரிக்குத் தனியாகப் போனது

கும்மிடிப்பூண்டி
13.8.2007

அன்பு மகள் ஜபீனுக்கு வாப்பாவின் ஸலாம். உனக்குப் பேசியிருக்கும் இஜாஸ் கிட்டார் வாசித்துப் பாடிய கச்சேரிக்குச் சனிக்கிழமை நான் தனியாகப் போய் வந்தேன். இங்கே எல்லோரும் சுகம், பூனாவில் மழை அதிகம் என்றாயே, நனைந்துகொண்டு ஆபீஸ் போகாதே. போனில் பேசினால் உம்மா பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். கிட்டாரெல்லாம் காலேஜோட போச்சு மச்சான் என்று அவன் வாப்பா சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார், காக்களூரில் ஒரு சுவரில் இவன் படம் போட்ட நோட்டீஸைப் பார்த்ததாக நம் லாரி டிரைவர் துளசிராமன் வந்து சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பழைய இரும்பு லோடில் மேலே நல்ல தகடும் அடியில் மண்ணும் வைத்து அனுப்புகிறவர்களை நான் பார்க்காததா. உம்மாவைக் கூட்டிப்போனால் அங்கேயே அழுவாள், உன் மாமாவைக் கூட்டிப்போனால் பழவேற்காட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் முழுக்கத் தெரிந்துகொள்வார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

திருவள்ளூர் தாண்டி ஒரு காலேஜ் மைதானம், எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை, அவர்களே கட்டிய பாட்டாம், டிரம் அடி நெஞ்சில் வந்து இடிக்கிறது. இன்னா பெருசு, பையனத் தேடிக்கினு வந்தியா என்று ஒருவன் கேட்டான், இல்லப்பா, மருமகனத் தேடிக்கினு வந்தேன் என்றேன், சிரித்துவிட்டு இடம் விட்டான். இஜாஸ் எந்தப் பெண்ணைப் பார்க்கிறான் என்று கவனித்தேன், கண்ணை மூடிக்கொண்டே பாடினான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்தான். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அதை மோந்து பார்த்தேன், தண்ணீர்தான். நிமிர்ந்தால் எதிரே நிற்கிறான். இன்னா மாமா, என்னாண்ட சொல்லியிருந்தா நானே ஊதிக் காட்டியிருப்பேனே என்றான். வுட்டுட்டேன்னு உங்க வாப்பா சொன்னாரே என்றேன். அவரு சொன்னாரு, நான் சொல்லல, இத உங்க பொண்ணாண்ட நானே சொல்லணும்னுதான் நம்பர் கேட்டேன், நீங்கதான் குடுக்கல என்றான். சம்பந்தம் பேசிய அன்று அவன் உன் நம்பர் கேட்டது நிஜம், அதை வேறு மாதிரி நினைத்துத்தான் மறுத்தேன். ஆனாலும் இந்தப் பதிலை அந்த இடத்திலேயே கட்டினானோ என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. வாழப் போகிறவள் நீ, ஆகவே உன் செல் நம்பரைக் கொடுத்துவிட்டேன், கூப்பிடுவான், வெட்கப்படாமல் குடைந்து கேள். மனசு ஒட்டவில்லை என்றால் ஒரு வரி எழுது, பேச்சை நான் நிறுத்திவிடுகிறேன், உம்மாவுக்குப் பயப்படாதே. அல்லாஹ் உனக்கு நல்லதையே நாடட்டும். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு. நேற்று அவன் வாப்பாவோடு பேசி முடித்தது இது: நீ சம்மதித்தால் மட்டும் நிக்காஹ், வரதட்சணை இல்லை, கச்சேரி மாதம் ஒன்று, அதற்கு நீ போவதும் போகாததும் உன் இஷ்டம், அவன் உனக்குக் கொடுக்கும் மஹர் ஐந்து பவுன் என்றிருந்தது, அவன் வாப்பா மறைத்ததற்காக இப்போது எட்டுப் பவுன்.

உன் வாப்பா
மு. ஷஃபியுல்லா