அச்சில் ஒரு சிறு வட்டம்

2003 மார்ச் 9, ஞாயிறு
தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் பிடிக்க ஊற்றுப் பீலிக்கு நடந்தது போக மீதி நேரமெல்லாம் கணக்குத்தான். சுழலும் நட்சத்திரத்துக்கு வெளியே காலவெளி எப்படி வளையும் என்று நாற்பது வருடமாகத் தெரியும். உள்ளே எப்படி என்பதற்கு ஒழுங்கான விடை இல்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. மேற்பரப்பில் உள்ளும் வெளியும் அழகாகப் பொருந்துகின்றன. ஜூனில் ஆய்வேட்டை ஒப்படைத்தால் முதுதத்துவமாணிப் பட்டம், பிறகு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை, பேராதனையில் அப்பா அம்மாவோடு ஒரு வாடகை வீடு.

மார்ச் 21
பேராதனை. என் ஆய்வுக்கு வழிகாட்டும் முக்தார் சார் ஒன்றுதான் கேட்டார். "அச்சுல பாத்தீங்களா, விஜயகலா?"

பார்க்கவில்லை. மேற்பரப்பையே கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். சுழற்சி அச்சைச் சுற்றி மிகச் சிறிய வட்டம் போட்டால், சுற்றளவை விட்டத்தால் வகுக்கப் பை வரவேண்டும். எனக்குக் குறைவாக வருகிறது. அச்சு நெடுக காலவெளி கூம்பாகக் கூர்ந்து கிடக்கிறது. அது நட்சத்திரமே இல்லை. இந்தத் துறையில் முதலில் சொல்லித் தருவதே இதுதான் — எப்படி மறந்தேன்?

ஏப்ரல் 2
அப்பா போய்விட்டார். கொழுந்து லொறிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

ஏப்ரல் 19
தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கஜேந்திரன் அண்ணன் வந்தார். அம்மா முழங்கால் நோவால் போன வருடமே வேலையை விட்டவள்.

"வீட்டுல ஒருத்தரு பேராவது வேலைக்குப் பதிஞ்சிருந்தாத்தான் இந்தக் காம்பராவுல இருக்கலாம், தங்கச்சி. தோட்டத்துத் தொரைகிட்ட ரெண்டு மாசம் தவணை கேட்டிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

மே 30
அச்சில் பை வரவேண்டுமென்றால் சுழற்சி மாறிலி பூஜ்யமாக வேண்டும். மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டேன். நட்சத்திரம் நின்றுபோனால்தான் என் விடை சரி. சுத்தாத நட்சத்திரத்துக்கு எவன் பட்டம் குடுப்பான்? அது எப்பவோ தெரிஞ்ச கணக்கு. அழக்கூட வரல எனக்கு.

ஜூன் 16
தோட்டத்தில் பேர் பதிந்தேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் பேரைக் கூப்பிட்டதும் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் காம்பரா சுப்பம்மா அக்கா கூடைக் கயிற்றை என் தலையில் சரியாக வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
பலாங்கொடையில் ஒரு கடையிலிருந்து சாருக்குப் போன் எடுத்தேன். உற்சாகமாக இருந்தார்.

"நட்சத்திரத்துக்குள்ள அமுக்கம் எல்லாத் திசையிலயும் ஒண்ணுன்னு வச்சிருந்தீங்க. அத விட்டுப் பாருங்க. சுழற்சி சாகாது. ஒப்படைக்க ஒரு வருஷம் நீடிச்சு வாங்கியிருக்கேன். ஆனா இங்க வந்து இருந்துதான் செய்யணும்."

அது சரியாக வரும். கேட்ட நிமிடமே தெரிந்துவிட்டது.

"வேற யாருக்காச்சும் குடுங்க சார். வேலைக்குப் போகாட்டி பேரு வெட்டிருவாங்க. அம்மாவ எங்க வைக்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "சாரு என்னா சொன்னாரு?"

நலம் விசாரித்தார் என்றேன். நாளை ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து.