தூண்டிலில் ஏறாத இருபத்தொரு கணவாய்கள்

பொட்ஸ்வோலி,
அக்டோபர் 6, 1980

டாக்டரம்மா ஒர்னெல்லாவுக்கு, மீன்பிடிக்கிற காத்தெல்லோ மாமா எழுதச் சொல்வது. இங்கே நானும் வீட்டுக்காரி நுன்சியாவும் நலம். திரியெஸ்தேயில் காற்று ஆளையே தள்ளுமாமே, காதை மூடிக்கொண்டு நட.

எழுதுவது மருந்துக்கடை டீனா. வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கணவாய் நரம்பை மைக்ராஸ்கோப்பில் காட்டி, "இதுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு இருக்கு மாமா, நரம்புக்குச் சமைச்சுப் போடுற அடுப்பு" என்றாய். "வலையில சிக்கினது வேண்டாம், முண்டி முண்டி அடுப்பு அணைஞ்சிருக்கும். தூண்டில்ல ஒண்ணொண்ணா பிடிச்சு, தொட்டியில நீந்தவிட்டுக் கொண்டு வாங்க" என்றும் சொன்னாய். அப்படித்தான் கொடுத்தேன். மூன்று நாள் தவிர.

இந்த மார்ச்சில் முழங்கால் வீங்கிப் படகில் ஏற முடியவில்லை. சொன்னால் இளவட்டம் எவனையாவது வைத்துக்கொள்வீர்கள் என்று பயம். சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள் ஏழு, திருநாளன்று ஐந்து, மறுநாள் ஒன்பது. எல்லாம் இழுவைப்படகில் வலைபோட்டு அள்ளியவை. வாங்கி, நான் தூண்டிலில் பிடித்தவை என்று கொடுத்தேன்.

மூன்றாம் நாள் நீ படிக்கட்டில் ஓடிவந்தாய். "குளிர்காலம் முடியிறப்போ நரம்போட அடுப்பே மங்குது மாமா! இதுவரை யாரும் பார்க்கல" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். நானும் சிரித்து வைத்தேன்.

இங்கே உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தைக் கூட்டுகிற அசுன்தா நேற்று சொன்னாள், நீ கண்டதை எழுதிய கட்டுரை இந்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். அதை வைத்துத்தான் உனக்குத் திரியெஸ்தேயில் பேராசிரியர் வேலையாம். அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. "கணவாய் செத்து ஏழு மாசமாச்சு, நீ எதுக்குய்யா இப்ப சாகுறே?" என்கிறாள் நுன்சியா. மங்கினது குளிராலா, வலையாலா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதுதான் என் பயம்.

போனில் சொல்லப் போய் இரண்டு தடவை வானிலை பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன் நோட்டில் அந்த மூன்று நாளையும் அடித்துவிடு, மகளே. அச்சை நிறுத்து. கேட்டால் என் பெயரைச் சொல்.

முழங்கால் பரவாயில்லை. கணவாய் வரத்து தொடங்கிவிட்டது. வந்து, குளிர்காலம் முடிகிறவரை மறுபடி பார். என்னை வைத்துக்கொண்டாலும் சரி, வேறு ஆளை வைத்துக்கொண்டாலும் சரி, இனி படகில் நீயும் ஏறு. ஒவ்வொன்றும் தூண்டிலில் ஏறுவதை உன் கண்ணாலேயே பார்த்துக்கொள்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

காத்தெல்லோ
(அவர் போட்ட சிலுவைக் குறி: ✕)